பேறுகாலத்துக்கு ஓர் அறை

ரத்னாபாய் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதுகூட அடுப்பங்கரையில் நின்றுகொண்டுதான். "உக்காந்து தின்னா என்னட்டி?" என்று கேட்டால், "உக்கார எடம் வேணும்லா வடிவக்கா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அதில் பொய் கிடையாது. அவளுடைய சொந்த வீட்டில் அவளுக்கு உட்கார இடமில்லை.

எங்கள் வீடு அவள் வீட்டுக்கு நேர் எதிரே. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், டெக்னோபார்க் மதிலுக்குப் பின்பக்கம் வளைந்து போகும் ஒரு சந்தில் இருக்கிறோம். அவள் வீட்டில் கடுகு பொரிந்தால் எனக்குத் தும்மல் வரும், அவ்வளவு கிட்டத்தில். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் அவர்கள் பாறசாலையிலிருந்தும் இங்கே வந்து குடியேறியபோது இது தென்னந்தோப்பு. அந்தக் காலத்தை நினைத்து நான் உருகமாட்டேன். பாம்பு வரும், கரண்டு போகும், அவசரத்துக்கு ஆட்டோ கிடைக்காது. ஆனால் ராத்திரி தூங்கலாம், பகலில் பேசினால் காது கேட்கும்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மழை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. கிணற்றில் ஊற்றெடுப்பது போல வந்தார்கள்; காலையில் எட்டிப் பார்த்தால் ஒரு சாண் ஏறியிருக்கும். பத்தனம்திட்டையிலிருந்து, கண்ணூரிலிருந்து, மதுரையிலிருந்து, ஒடிசாவிலிருந்து. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு போட ஆட்கள் வந்தார்கள், சோறு போட வந்தவர்களுக்கு வீடு கட்ட ஆட்கள் வந்தார்கள். நெரிசல் தாங்காமல் மேம்பாலம் கட்டினார்கள். பாலத்துக்கும் சேர்த்து வண்டிகள் வந்தன. எங்கள் சந்தில் இன்றைக்கு வீடு என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் பி.ஜி.தான். பேயிங் கெஸ்ட். எங்கள் வீட்டு மாடியிலும்தான். என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் ஜங்ஷனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடையில் விற்காத மூட்டைகளை அடுக்குவது மாதிரி மாடியில் கட்டில்களை அடுக்கியிருக்கிறார்.

ரத்னாபாய் வீட்டுக்கு முதலில் வந்தது ரெம்யா. நாலைந்து வருஷம் இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெரிய டிராலி பெட்டியை இழுத்துக்கொண்டு சந்து முழுக்கக் கேட்டாள், எங்கும் இடமில்லை. கடைசியில் ரத்னாபாய் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ரத்னாபாய்க்கு எத்தனையோ தெரியும், இல்லை என்று சொல்லத் தெரியாது. ஹாலில் ஒரு மூலையைப் பிளைவுட் வைத்து அடைத்துக் கொடுத்தாள். ஒருத்தி வந்தால் அவள் தோழி வருவாள், தோழிக்குத் தங்கச்சி வருவாள். ஹால் இரண்டாகி நாலாகியது. மொட்டை மாடியில் தகரம் போட்டாள். மகள் ஷீனாவைக் கட்டிக்கொடுத்ததும் முன்பக்கத்து அறையும் போயிற்று. கழிப்பறை சேர்ந்த அறை அது ஒன்றுதான். பழைய ஆள் என்கிற உரிமையில் ரெம்யாவும் அவளோடு ஆர்ஷா என்கிற பெண்ணும் அதில் ஏறிக்கொண்டார்கள். ஆக எட்டுப் பெண்கள்.

அப்படியானால் வீட்டுக்காரர்கள் எங்கே என்று கேட்பீர்கள். சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவவும் தேங்காய் துருவவும் கம்பி வலை அடித்து ஒரு நீள இடம் விட்டிருப்பார்கள். இங்கே அதற்கு வொர்க் ஏரியா என்று பெயர். அதில் ஒரு ஒற்றைக் கட்டில். ரத்னாபாயின் புருஷன் சுவாமிதாஸ் ஒரு ஃபிளாட்டில் இரவுக் காவல். அவர் வேலைக்குப் போனதும் கட்டிலில் அவள் படுப்பாள், அவள் எழுந்ததும் அவர் வந்து படுப்பார். கட்டிலுக்கு ஓய்வே கிடையாது. பக்கத்து மனையில் ஆறு மாடிக்கு அடித்தளம் தோண்ட ஆரம்பித்த பிறகு அவருக்கு அந்தத் தூக்கமும் போயிற்று. ஆறடி தள்ளி இயந்திரம் தரையைக் குடையும்போது யாருக்குத் தூக்கம் வரும்? மனுஷன் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் கஞ்சி குடித்துவிட்டு கழக்கூட்டத்தில் பஸ் ஏறுவார், ஜன்னலோரம் சாய்ந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை தூங்குவார். அங்கே இறங்கி ஒரு சாயா. திரும்பி வரும் பஸ்ஸில் மிச்சத் தூக்கம். போக்குவரத்து நெரிசலைத் திட்டாத ஒரே ஆள் இந்த நகரத்தில் அவர்தான். பஸ் எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது அவருக்கு.

இதெல்லாம் ஷீனாவுக்குத் தெரியாதா? பாதி தெரியும். அவள் புருஷன் லிஜோவுக்குக் கொச்சியில் வேலை. அவர்கள் வருவது ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும். அப்போது எட்டுப் பெண்களும் அவரவர் ஊருக்குப் போயிருப்பார்கள். வீடு காலியாகக் கிடக்கும். ரத்னாபாய் முன்னறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, "இது எப்பவும் ஒனக்க முறிதான் மக்ளே, ஆருக்கும் குடுக்கல்ல" என்பாள். முறி என்றால் அவர்கள் பேச்சில் அறை. தாய் சொன்னால் மகள் நம்பாமல் இருப்பாளா?

இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஷீனாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. அவர்கள் பக்கத்து முறைப்படி, முந்திரிக்கொத்தும் முறுக்கும் செய்து கொண்டுபோய்ப் பாறசாலையில் மாமியார் வீட்டில் கொடுத்து, ஜெபம் பண்ணி, பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில். இதில் விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. ஒரு பெண்ணைப் பெற்றவள் மற்ற எதில் தோற்றாலும் இதில் தோற்கக் கூடாது என்று ரத்னாபாய் உறுதியாக இருந்தாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"அக்கா, ரெம்யாவையும் ஆர்ஷாவையும் ஒங்க மாடிக்கு எடுப்பியளா?"

"எங்கட்டி எடுக்க? மாடிப்படியில ஒருத்தி படுத்திருக்கா."

உண்மையில் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கட்டில் போட்டிருந்தோம். ரெம்யாவும் பாவம், ஆபீஸ் விட்டு வந்து தினமும் சந்து சந்தாக அலைந்தாள். கல்லூரி முடித்த புதுக் கூட்டம் வேலைக்குச் சேருகிற நேரம் அது. ஸ்ரீகாரியம் வரைக்கும் ஒரு கட்டில் இல்லை. ரத்னாபாயால் அவளை வெளியே போ என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லப் போவாள், சாயா கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாள். அப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

பெண்ணைக் கூட்டி வந்தால் மட்டும் போதும் என்று இருந்தால் சமாளித்திருப்பாள். ஷீனாவின் மாமியார் ரோஸ்லெட் போன் பண்ணிவிட்டாள். "மைனி, நாங்களும் கூட வந்து கொண்டு விடுகோம். பிள்ள கெடக்கப்போற எடத்த நாங்க பாக்காண்டாமா?" கேட்டதில் தப்பில்லை. ஆனால் ரத்னாபாயின் முகம் அன்றைக்கு வெளுத்துப் போயிற்று.

அப்புறம் அவள் செய்ததை அவளைத் தவிர யாரும் செய்திருக்கமாட்டார்கள். தன் வீட்டை ஒருநாளைக்கு வீடாக மாற்றினாள். சனிக்கிழமையே சுவாமிதாஸ் பிளைவுட் பலகைகளைக் கழற்றி மாடியில் சாத்தினார். கட்டில்கள் மடங்கித் தகரக் கொட்டகைக்குள் போயின. பெட்டிகளும் வாளிகளும் செருப்புகளும் என் வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்தன. எங்களிடம் கார் கிடையாது, அந்த ஷெட்டில் மூன்று பேர் தங்குகிறார்கள். அவர்கள் தலைமாட்டில் எட்டுப் பேரின் சாமான்களை அடுக்கினோம். எட்டுப் பெண்களையும் ஞாயிறு காலையிலேயே எலுமிச்சைச் சாதமும் முட்டையும் கட்டிக்கொடுத்து, பொன்முடி மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றி கல்லாற்றுக்கு அனுப்பிவிட்டாள். "நல்ல தண்ணி ஓடும், குளிச்சு ரசிச்சுப் பொழுது சாஞ்சு வந்தா போதும்" என்று சொல்லி அனுப்பினாள். அவர்களுக்கும் ஒரே குஷி.

ஒன்று சொல்ல வேண்டும். பலகைகளை எடுத்த பிறகு அந்த ஹால் என்ன அழகாக இருந்தது தெரியுமா? ரத்னாபாய் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

மதியம் வேன் வந்தது. சந்துக்குள் நுழைய முடியவில்லை, பக்கத்து மனைக்காரன் இறக்கிய ஜல்லிக் குவியலும் வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களும் வழியை அடைத்திருந்தன. வயிற்றுப் பிள்ளைக்காரி ஜல்லிமேல் கால்வைத்துத்தான் தாய் வீட்டுக்கு வந்தாள். ரோஸ்லெட் முகத்தைச் சுளித்தாள். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் முகம் தெளிந்தது. விசாலமான ஹால், முன்னறை, கூடவே கழிப்பறை. "நல்ல காற்றோட்டம் மைனி" என்றாள். மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் நன்றாக இறங்கின. சாப்பாடு முடிந்ததும் கூட வந்திருந்த சபை உபதேசியார் முன்னறையில் நின்று, "ஆண்டவரே, இந்த அறையையும் இந்தக் கட்டிலையும் ஆசீர்வதியும்" என்று உருக்கமாக ஜெபிக்க ஆரம்பித்தார். அது ரெம்யாவின் கட்டில்.

எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். எனக்கு வேற்று மதம், அந்த வசதி உண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சந்து முனையில் எட்டுப் பெண்களும் நனைந்த கோழிகள் மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். மலையில் பெருமழை, ரோட்டை அடைத்துவிட்டு பஸ்ஸைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முன்னால் ரெம்யா. நான் பூனை மாதிரி வெளியே வந்து, ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குள் இழுத்தேன்.

"ஆன்ட்டி, டிரஸ் மாறணம். தணுக்குந்நு" என்றாள், பல் கிட்டிக்க.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சம்பந்தக்காரங்க போகட்டும்."

அந்தப் பெண்கள் எட்டுப் பேரும் தங்களுக்கு உரிய இடத்துக்குப் போக முடியாமல் என் வீட்டுத் தரையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தும்மினாள். ஒருத்தி சிரித்தாள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வேன் கிளம்பிப் போனதும் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாகச் சந்தைக் கடந்து ரத்னாபாய் வீட்டுக்குள் போனார்கள். ஷீனா முன்னறை ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கடைசிப் பெண்ணும் உள்ளே போன பிறகுதான் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

ரெம்யா தன் பையோடு அறை வாசலில் நின்றாளாம். கட்டிலில் ஷீனா. "சேச்சி கிடந்நோ, ஞான் தாழே கிடக்காம்" என்று சொல்லிவிட்டு, தரையில் தனக்கும் ஆர்ஷாவுக்கும் பாயை விரித்திருக்கிறாள். ஷீனா தாயைப் பார்த்து, "அப்பா எங்கம்மா கெடப்பாவு?" என்று மட்டும் கேட்டாள். ரத்னாபாய் பால் காய்ச்சப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மழை வலுத்தது. இந்தச் சந்தில் மழை வந்தால் மேலே தண்ணீர் வருவதற்கு முன் கீழே தண்ணீர் வரும். முன்பெல்லாம் நாலு பேருக்குத் தோண்டிய கழிவுத்தொட்டிகள், இப்போது நாற்பது பேருக்கு உழைக்கின்றன. அவை எல்லாமாகச் சேர்ந்து எங்கள் கிணறுகளை எப்போதோ மஞ்சளாக்கிவிட்டன. ரத்னாபாய் வீட்டுப் பின்பக்கத்துக் கழிப்பறையின் தொட்டி நிரம்பிப் பொங்கியது. உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிட்டால், லாரி ஜல்லிக் குவியலைத் தாண்டி வராது. பக்கத்து மனைக்காரனிடம் கேட்டால், மழை விடட்டும் என்றான். ஆக, வீட்டுக்கு மிஞ்சியது ஷீனாவின் அறைக்குள் இருந்த கழிப்பறை ஒன்றுதான்.

விடிந்தால் போதும், வாளியும் துண்டுமாக வரிசை ஷீனாவின் கட்டிலை ஒட்டி நிற்கும். "சாரி சேச்சி", "சாரி சேச்சி" என்று ஒவ்வொருத்தியும் சொல்லிக்கொண்டே போவாள். ஷீனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் அவர்களுக்கு. வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கோ அடிக்கடி போக வேண்டும். முதல் நாட்களில் அவளை முன்னால் விட்டார்கள். அதனால் ஆர்ஷாவுக்கு இரண்டு தடவை பஸ் தப்பியது. அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஷீனா அதைப் பார்த்துவிட்டாள். அவள் தாய்க்குப் பிறந்த பெண்தானே, யார் முகம் சுருங்கினாலும் தாங்காது. என்ன செய்தாள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். விடிகாலையில் அடக்கிக்கொண்டு கிடந்தாள். கடைசிப் பெண் குளித்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே மாட்டாள்.

ரத்னாபாய் இது எதையும் கவனிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கவனிக்க அவள் நின்றால்தானே? எட்டுப் பேருக்கு இட்லி, மகளுக்குக் கஷாயம், புருஷனுக்குக் கஞ்சி, தண்ணீர் லாரிக்குப் போன், மோட்டார் போடு, மோட்டார் நிறுத்து. மகளுக்கு எதிலும் குறை வைக்கக் கூடாது என்று மற்ற நாளைவிட இரட்டை ஓட்டம் ஓடினாள். ஷீனாவின் தட்டில் மீன் இருந்தது, முட்டை இருந்தது, பேரீச்சம்பழம் இருந்தது. தாய் ஓரிடத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் காலையில் ஷீனாவுக்குக் குளிர் நடுக்கம். இடுப்பு வலி, காய்ச்சல். பிள்ளை வலியோ என்று ரத்னாபாய் அலறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். சுவாமிதாஸ் எங்கோ ஒரு பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஷீனாவைக் கைத்தாங்கலாக ஜல்லியைத் தாண்டி நடத்திக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினோம். பைபாஸில் வண்டிகள் அசையவில்லை. ஆட்டோவுக்குள் ரத்னாபாய் எழுந்து நிற்கப் பார்த்தாள், தலை கூரையில் இடித்தது. "உக்காருட்டி" என்று அதட்டினேன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். மகளின் தலை அவள் மடியில் இருந்தது. நான் அறிந்து அத்தனை நேரம் அவள் ஓரிடத்தில் இருந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். பரிசோதித்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மூத்திரத்தில் கிருமி ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் குறைமாதத்தில் வலி எடுத்துவிடும் என்றாள். தண்ணீர் குடிப்பதுண்டா, அடக்கிவைப்பதுண்டா என்று கேட்டாள். ஷீனா தலை குனிந்தாள்.

"வீட்டில் எத்தனை பேர்?"

"நாங்க மூணு பேருதான் டாக்டர்" என்றாள் ரத்னாபாய், சட்டென்று.

ஷீனா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "பதினொண்ணு. ஒரு பாத்ரூம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ரத்னாபாயைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மருந்து எழுதி, ஷீனாவை அட்மிட் பண்ணச் சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு லிஜோ வந்தான். நல்ல பையன், குரலை உயர்த்தவில்லை. "மாமி, நான் இவள பாறசாலைக்குக் கூட்டிட்டுப் போறேன். அம்மா பாத்துக்கிடுவா. நீங்க ஒண்ணும் கவலப்படாண்டாம்" என்றான். தலைப்பிரசவத்துக்கு வந்த மகளை, வந்த ஒரு மாதத்துக்குள், மாமியார் வீட்டுக்கு அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று ரத்னாபாய்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ரோஸ்லெட்டுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. அவள் ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை என்பது ரத்னாபாய்க்கு இன்னும் வலித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரத்னாபாய் முன்னறை வாசலில் நின்று, ரெம்யாவையும் ஆர்ஷாவையும் பார்த்து, "நீங்க மாறணும் பிள்ளைகளே. நாளைக்கே மாறணும்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தியைப் போகச் சொன்னாள். அதைத்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். ஆர்ஷா வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று ஊருக்கே போய்விட்டாள். ரெம்யா எங்கள் கார் ஷெட்டில் நாலாவது ஆளாக வந்து சேர்ந்தாள். போகும்போது, "சேச்சிக்கு இப்போ எங்ஙனெ உண்டு ஆன்ட்டி?" என்றுதான் கேட்டாள். ரத்னாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜல்லி தீர்ந்து வழி கிடைத்ததும் லாரி வந்து தொட்டியைக் காலி செய்தது. முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புது மெத்தை வந்தது. பூட்டி வைத்தாள். ஷீனாவுக்குப் போன் பண்ணி, "முறி ரெடியாயி மக்ளே, ஆருமில்ல, வா" என்றாள். ஷீனா, "டாக்டர் அலையாண்டாம்னு சொன்னாவும்மா" என்றாள்.

பிள்ளை பாறசாலைப் பக்கத்தில்தான் பிறந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். ரத்னாபாய் முறையை விடவில்லை. தாய் வீட்டில் செய்ய வேண்டியதை மாமியார் வீட்டுக்குப் போய்ச் செய்தாள். இருட்டோடு எழுந்து மீதி ஆறு பெண்களுக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டு, ரயிலேறி தம்பானூரில் மாறி, பாறசாலையில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பேத்தியைக் குளிப்பாட்டுவாள். மகளுக்கு எண்ணெய் தேய்த்து, இலை போட்டுக் காய்ச்சிய வேதுத்தண்ணீர் ஊற்றுவாள். மறுபடி ரயில், மறுபடி கூட்டம், கதவோரம் நின்றே பயணம். "மைனி, ஒரு ராத்திரி தங்கிட்டுப் போனா என்ன?" என்று ரோஸ்லெட் கேட்டாளாம். தங்கினால் இங்கே ஆறு பேர் பட்டினி.

இதற்கிடையில் பூட்டிய அறையைப் பற்றிச் சந்து முழுக்கப் பேச்சு. தினமும் ஒருத்தி டிராலி பெட்டியோடு வந்து நிற்பாள். "ஆளுண்டு" என்பாள் ரத்னாபாய். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆளில்லை. சுவாமிதாஸுக்குக்கூடப் பொறுமை போயிற்று. "வீட்டுல ஒரு முறி சும்மா கெடக்கு. நான் பஸ்ஸில போயி ஒறங்கணுமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அது பிள்ளைக்க முறி."

"பிள்ள வரட்டும், அப்ப எந்திச்சுக் குடுக்கேன்."

"அமுங்கிப்போன மெத்தையிலயா எனக்க பேத்தி கெடப்பா?"

மனுஷன் மறுபடி பஸ் ஏறினார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஊரெல்லாம் இடத்துக்கு அலைகிறது, நீ ஒரு அறையைப் பூட்டிக் காவல் காக்கிறாய், வைக்கோல் போரில் நாய் படுத்த கதை என்று திட்டினேன். அவள் கோபப்படவில்லை. "தொண்ணூறு கழிஞ்சா வருவா அக்கா" என்றாள். பிள்ளை பெற்ற தொண்ணூறாம் நாள் வரைக்கும் தாயும் பிள்ளையும் இடம் மாறக் கூடாது என்று அவர்கள் பக்கம் ஒரு கணக்கு. அது முடிந்ததும் குழந்தையோடு ஷீனா வந்து நாலு மாதம் இருப்பாள் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தொட்டில் கொக்கியைக்கூட உத்திரத்தில் அடித்துவிட்டாள்.

போன வாரம் அந்தப் போன் வந்தது. நான் அவள் வீட்டு வொர்க் ஏரியாவில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரத்னாபாய் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள், கை வேலையில் இருக்க வேண்டுமே. மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வாற ஞாயிற்றுக்கிழம வாறோம். பிள்ளைய காட்டிட்டு வைகுன்னேரம் திரும்பிருவோம். அங்ஙனயே கொச்சிக்கு."

ரத்னாபாயின் கை நின்றது. "அன்னைக்கேயா? முறி பூட்டித்தான் மக்ளே கெடக்கு. ஒனக்காட்டுதான் வச்சிருக்கேன். தொட்டிலு கெட்டியாச்சு."

அந்தப் பக்கம் குழந்தை முனகியது. "அம்மா, ரெம்யா இப்ப எங்க கெடக்கா?"

"இஞ்ச... வடிவக்கா வீட்டு ஷெட்டில."

"நான் கெடந்தப்ப ராத்திரி முழுக்க அவதான் எனக்க காலத் தடவி விட்டா. மழையில தரையில கெடந்து அவளுக்குச் சளி பிடிச்சுது. அதுக்குப் பொறவும் தடவி விட்டா." ஷீனாவின் குரலில் கோபமே இல்லை. "அந்த முறிய அவளுக்குக் குடுங்கம்மா. நான் இனி அங்க வந்து கெடக்கமாட்டேன்."

போன் வைத்தாயிற்று. ரத்னாபாய் மீனைக் கழுவி முடித்தாள். உப்பும் மிளகாயும் போட்டுப் பிசறி மூடிவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு முன்னறையைத் திறந்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, கொக்கியிலிருந்து தொட்டில் துணியை அவிழ்த்து மடித்தாள். பக்கத்து மனையில் இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது.

பிறகு என்னோடு சந்தைக் கடந்து எங்கள் ஷெட்டுக்கு வந்தாள். ரெம்யா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து, கட்டில்களுக்கு நடுவில் காலை நீட்ட இடமில்லாமல் பெட்டிமேல் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாள். ரத்னாபாய் அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"எந்திரி. முறி காலியாயி."

ரெம்யா எழுந்தாள், ஆனால் நகரவில்லை. "அப்போ சேச்சி வரில்லே ஆன்ட்டி? கொச்சுமோளும்?"

"வருவா. ஞாயிற்றுக்கிழம வந்து பாத்துட்டுப் போவா." ரத்னாபாய் பெட்டியை இழுத்தாள். "அவளுக்கு வீடு உண்டு மக்ளே. நீ வா."